குதிரை எங்கே?



நாளிதழைப் புரட்டினால் 'பறிமுதல்' என்னும் சொல் கண்ணில் படாத நாள் அரிது. மணல் ஏற்றிய லாரி பறிமுதல்; கள்ளச் சாராயம் பறிமுதல்; புண்ணோடு பாரம் இழுத்த குதிரை பறிமுதல். செய்தி அத்துடன் முடிந்துவிடுகிறது. லாரியும் சாராயமும் எப்படியேனும் போகட்டும். அந்தக் குதிரை பிறகு என்ன ஆயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? அதிகாரம் படைத்தவர் ஒரு விலங்கைக் கைப்பற்றினால், அதன் பின் அதற்கு நேர்வதை யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்? எவ்வாறு சொல்ல வேண்டும்? இவ்வளவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இந்தக் கேள்வி என் உள்ளத்தில் விழுந்தது சட்டப் புத்தகத்தைப் படித்தபோது அன்று. அப்போது 1969-ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. எங்கள் ஊரில் ரயிலடியிலிருந்து கடைத்தெருவுக்குப் போக வேண்டுமானால் குதிரை வண்டிதான். எங்கள் தெருக்கோடியில் ஒரு வண்டிக்காரர் இருந்தார். சிறியவர் பெரியவர் அனைவரும் அவரைப் 'பாய்' என்றே அழைப்போம். அவருடைய மட்டக் குதிரை செந்நிறம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மழை பெய்யும் நாட்களில் காசு கேளாமல் எங்களை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார்.

அந்தக் குதிரையின் தோளில் சேணம் உராய்ந்து ஒரு புண் உண்டாகியிருந்தது. பாய் அதற்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவுவார். ஆனால் ஓய்வு மட்டும் கொடுக்கமாட்டார். ஓய்வு கொடுத்தால் அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஒருநாள் காலையில் அதிகாரிகள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். வண்டி நுகக்காலை ஊன்றியபடி வெறுமனே நின்றது.

அவர்கள் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. புண் மெய், வலி மெய், அதைத் தடுக்கும் சட்டமும் மெய். அன்று மாலை பாய் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, ஆசிரியராக இருந்த என் தந்தையாரிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "வாத்தியார் ஐயா, குதிரையைத் திருப்பிக் கொடுன்னு நான் கேக்கல. புண்ணு ஆறுதா, கொள்ளு வைக்கிறாங்களா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார். தந்தையார் ஒரு மனு எழுதினார். அதைத் திருத்தமாகப் படியெடுத்தவன் நான். முதல் அலுவலகத்தில் இரண்டாம் அலுவலகத்தைக் காட்டினார்கள். இரண்டாம் அலுவலகத்தில் மூன்றாவதைக் காட்டினார்கள். மூன்றாவதில், "மேலே அனுப்பியாயிற்று" என்றார்கள். அந்த 'மேலே' எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. சில மாதங்களில் பாய் வண்டியை விற்றுவிட்டு ரயிலடியில் மூட்டை தூக்கப் போனார். குதிரை பிழைத்ததா, விற்கப்பட்டதா, செத்ததா என்பது அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது. இரக்கத்தின் பெயரால் எடுத்துச் சென்ற குதிரைக்கு அந்த இரக்கம் கிடைத்ததா என்று சொல்ல எங்கள் ஊரில் ஓர் ஏடு இல்லை.

மாணவர்களே, கைப்பற்றிய பொருளுக்கும் கைப்பற்றிய உயிருக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணரவேண்டும். ஒரு மிதிவண்டியைப் பறிமுதல் செய்தால் ஓர் அறையில் பூட்டி வைக்கலாம். ஓராண்டு கழித்துத் திறந்தால் துருப்பிடித்திருக்கும், அவ்வளவுதான். குதிரையை அவ்வாறு பூட்டி வைக்க இயலாது. வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். தன் உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கு அளவுக்கு உலர்தீவனம் அதற்கு வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகையால் கெட்ட தீனி வயிற்றில் விழுந்தால் சூலை நோய் கண்டு சில மணி நேரத்திலேயே இறந்துபோகவும் கூடும். குளம்புகளைக் காலந்தோறும் செதுக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், குதிரையைக் கைப்பற்றும் கை அந்த நொடியிலிருந்து அதற்கு உணவூட்டும் கையாகவும் ஆகிவிடுகிறது. முதற் செயலைச் செய்து இரண்டாவதை மறந்தால், வண்டிக்காரர் செய்த கொடுமையைவிடப் பெரிய கொடுமையை அரசே செய்ததாகும்.

நம் நாட்டுச் சட்டம் இதை அறியாததன்று. 1871-ஆம் ஆண்டிலேயே கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டது. பயிரை மேய்ந்த மாடுகளை அடைக்கும் 'பவுண்டு' என்னும் பட்டிகள் அதன்கீழ் ஏற்பட்டவை. அச்சட்டம் கால்நடை என்று சொன்னபோது ஆடுமாடுகளை மட்டும் குறிக்கவில்லை. குதிரை, மட்டக் குதிரை, கோவேறு கழுதை, யானை, ஒட்டகம் ஆகியவற்றையும் சேர்த்தே குறித்தது. அயலார் ஆட்சியில் பிறந்த சட்டம்தான். ஆயினும் கணக்குச் சொல்லும் முறையை அது எவ்வளவு நுணுக்கமாக வகுத்தது என்பதைப் பாருங்கள்.

பட்டிக்காவலர் ஒரு பதிவேடு வைக்கவேண்டும். வந்த விலங்குகள் எத்தனை, அவற்றின் அடையாளம் என்ன, எந்த நாள் எந்த மணிக்கு வந்தன, கொண்டுவந்தவர் யார், உரியவர் யார் என்பவற்றை அதில் எழுதவேண்டும். விலங்குகளுக்குத் தீனியும் தண்ணீரும் அவரே தரவேண்டும். ஏழு நாட்களுக்குள் உரியவர் வாராவிட்டால் காவல் நிலையத்துக்கு அறிவிக்கவேண்டும். அங்கிருந்து அறிவிப்பு ஒட்டப்படும். ஊரிலும் அருகிலுள்ள சந்தையிலும் பறையறைந்து சொல்லப்படும். மேலும் ஏழு நாட்கள் கழிந்த பின்னரே பொது ஏலம். உரியவர் வந்தும் கட்டணம் செலுத்தாததால் விலங்குகளை ஏலம் விட நேர்ந்தால், எத்தனை விலங்குகள் பிடிபட்டன, எவ்வளவு காலம் அடைபட்டிருந்தன, செலவு எவ்வளவு, விற்றது எத்தனை, கிடைத்த தொகை எவ்வளவு, அது எவ்வாறு செலவாயிற்று என்று எழுதிய கணக்கை அவர் கையில் கொடுக்கவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக ஒரு விதி உண்டு. அந்த ஏலத்தில் காவல் அதிகாரியோ பட்டிக்காவலரோ, நேராகவோ மறைமுகமாகவோ, விலங்கை வாங்கலாகாது! ஏன் தெரியுமா? பிடிப்பவனே வாங்குபவனும் ஆகிவிட்டால், பிடிப்பது நீதிக்காகவா, ஆதாயத்துக்காகவா என்னும் ஐயம் எழும். ஐயம் எழுந்த இடத்தில் சட்டத்தின் மதிப்பு விழும்.

பட்டி என்பது மேய்ச்சல் தகராறுக்கு உரியது. கொடுமைக்குள்ளான விலங்கைப் பற்றியது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். பாயின் குதிரை பிடிபட்டபோது அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன்படி, கொடுமை நிகழ்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், காவலருக்கு மேற்பட்ட நிலையிலுள்ள காவல் அதிகாரியோ, அரசு அதிகாரம் அளித்த ஒருவரோ விலங்கைக் கைப்பற்றலாம். ஆனால் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ள இயலாது. அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன்போ, கால்நடை மருத்துவர் முன்போ அதைச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். மாஜிஸ்திரேட் அதை விலங்கு மருத்துவ விடுதிக்கு அனுப்பலாம். அல்லது முதிர்ந்த, நோயுற்ற விலங்குகளைப் பேணும் 'பிஞ்சராபோல்' என்னும் காப்பகத்துக்கு அனுப்பலாம். விடுதிக்குச் சென்ற விலங்கு மருத்துவரின் தகுதிச் சான்று இல்லாமல் பொதுவாக வெளியே வரலாகாது. செலவு உரியவரைச் சார்ந்தது. அவர் ஏழையாயின் கட்டணம் வேண்டாம் என்று ஆணையிடவும் இடமுண்டு. செலவுக்காக விலங்கை விற்க நேர்ந்தால், மிகுந்த தொகையை இரண்டு மாதங்களுக்குள் உரியவர் கேட்டுப் பெறலாம்.

இதைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு வருத்தமே மேலிட்டது. பாய் கேட்ட கேள்விக்குரிய விடை சட்டத்தில் இருந்தது, அலுவலகத்தில்தான் இல்லை.

வழக்கு நடக்கும் காலத்தில் விலங்குகளைப் பேணுவதற்கென்று 2017-ஆம் ஆண்டில் மைய அரசு தனி விதிகளை வெளியிட்டது. கைப்பற்றிய விலங்கைக் கால்நடை மருத்துவர் பார்வையிட வேண்டும். அது இன்ன விலங்குதான் என்று பின்னால் அறியும்படி அடையாளமிட வேண்டும் என்பன அவ்விதிகளில் அடங்கும். அடையாளம் என்பது சிறிய செய்தியன்று. அடையாளம் இல்லாவிட்டால், செத்த குதிரைக்குப் பதில் வேறொரு குதிரையைக் காட்டிக் கணக்கை நேர்செய்துவிடலாம் அல்லவா? அதே விதிகளைப் பற்றி 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வினாவையும் எழுப்பியது. குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன் ஒருவருடைய பிழைப்புக்குரிய விலங்கை அவரிடமிருந்து பிரித்துவிடுவது தாய்ச் சட்டத்துக்கு ஒத்ததா என்பதே அவ்வினா. இதிலிருந்து நாம் அறிவது யாது? கணக்குச் சொல்லும் கடமை இரு பக்கம் பார்க்கும். ஒன்று, பேச இயலாத விலங்கின் பக்கம். மற்றொன்று, பேசினாலும் கேட்பாரற்ற ஏழையின் பக்கம்.

நல்ல சட்டமும் நிறைந்த செல்வமும் உள்ள நாட்டில் இத்தொல்லை இராது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில், அரசுக்குரிய பரந்த நிலங்களில் காட்டுக் குதிரைகள் திரிகின்றன. முன்பு வேட்டைக்காரர்கள் அவற்றை விமானத்தாலும் லாரியாலும் துரத்திப் பிடித்து இறைச்சிக்கு விற்றுவந்தனர். நெவாடா மாநிலத்தில் அலுவலகச் செயலாளராக வேலைபார்த்த வெல்மா ஜான்ஸ்டன் என்னும் அம்மையார், 1950-ஆம் ஆண்டில் சாலையில் சென்ற ஒரு லாரியிலிருந்து இரத்தம் சொட்டுவதைக் கண்டார். அதனுள் குதிரைகள் இருந்தன. அன்று தொடங்கிய அவருடைய முயற்சிக்குத் துணைநின்றவர்கள் யார் தெரியுமா? உங்களைப் போன்ற பள்ளி மாணவர்கள். ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் தங்கள் நாட்டுப் பேரவை உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1959-இல் ஒரு சட்டமும், 1971-இல் அதனினும் விரிந்த ஒரு சட்டமும் பிறந்தன. பொது நிலத்துக் காட்டுக் குதிரைகளைக் காக்கும் பொறுப்பை அரசே ஏற்றது.

நிலம் தாங்கும் அளவுக்கு மேல் குதிரைகள் பெருகும்போது, அரசுத் துறையினரே அவற்றை வளைத்துப் பிடித்துக் கொட்டில்களில் அடைப்பார்கள்; வளர்க்க விரும்புவோருக்கு அளிப்பார்கள். முதியவையும் யாரும் ஏற்காதவையும் ஆன குதிரைகளை விற்கவும் 2004-இல் சட்டத் திருத்தம் வழிசெய்தது. வாங்குவோர் அவற்றை இறைச்சிக்கு விற்கமாட்டோம் என்று கையொப்பமிட்டுக் கொடுப்பது துறையின் வழக்கம். ஒரே ஒருவர் 2008-க்கும் 2012-க்கும் இடையில் 1,794 குதிரைகளை வாங்கினார். விலை குதிரை ஒன்றுக்குப் பத்து டாலர். அவற்றை அவர் இடத்துக்குக் கொண்டு சேர்க்க அரசு செலவிட்டதோ ஏறத்தாழ 1,40,000 டாலர். 2012-இல் ஒரு செய்தியாளர் இவ்விற்பனையை ஆராய்ந்து வெளியிட்டார். பிறகு அரசின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் விசாரித்தது. அதன் அறிக்கை 2015 அக்டோபரில் வந்தது. அந்தக் குதிரைகளுள் பெரும்பாலானவை மெக்சிகோ நாட்டு இறைச்சிக் கூடங்களுக்குப் போய்விட்டன என்பது வெளிப்பட்டது.

திருவிளையாடற் கதையில் பாண்டியன் லாயத்தில் பகலில் நின்ற பரிகள் இரவில் நரிகளாயின என்று படித்திருக்கிறோம். அங்கே அது இறைவனின் விளையாட்டு. இங்கே காகிதத்தில் 'நல்ல இல்லம்' என்றிருந்தது எல்லைக்கு அப்பால் கொலைக்களமாக மாறியது. இது மனிதனின் அலட்சியம். அத்துறையில் ஏடு இல்லாமற் போகவில்லை. ஏட்டில் எண்ணிக்கை இருந்தது, விலை இருந்தது, கையொப்பமும் இருந்தது. ஆனால் கொட்டிலின் வாசலோடு கணக்கு நின்றுவிட்டது. வாசலைக் கடந்த லாரி எங்கே போகிறது என்று கேட்பதற்கு ஏட்டில் ஒரு வரி இல்லை. ஒருவருக்கு எதற்காக இத்தனை குதிரைகள் என்று ஒருவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. கேட்டவர் வெளியிலிருந்து வந்த செய்தியாளர். பொதுமக்கள் பார்வை பட்ட பிறகே உள்ளே விளக்கு ஏற்றப்பட்டது.

பிறரைப் பற்றி இவ்வளவு பேசிய நான், என் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்தபோது, வகுப்பு நேரத்தில் மவுத் ஆர்கன் வாசித்த ஒரு மாணவனிடமிருந்து அதை வாங்கி வைத்தேன். ஆண்டு முடிவில் அவன் வந்து, "ஐயா, அது என் மாமாவுடையது; திருப்பித் தாருங்கள்" என்று பணிவோடு கேட்டான். மேசை இழுப்பறையைத் தேடினேன், அலமாரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. நான் எடுத்தது ஒழுக்கத்துக்காக; இழந்தது கவனமின்மையால். அந்தப் பையனின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கும். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகத்துக்குக் கோடு போட்டேன். என்ன பொருள், யாருடையது, எந்த நாள், எதற்காக எடுக்கப்பட்டது, எங்கே இருக்கிறது, எப்போது திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று ஆறு பத்தி. இறுதியில் மாணவனின் கையொப்பம். அந்தப் புத்தகத்தை எந்த மாணவனும் கேட்டுப் பார்க்கலாம் என்றும் அறிவித்தேன். அதன் பின் பொருள்கள் காணாமற் போவது நின்றது. எடுப்பதும் குறைந்தது, ஏனெனில் எழுத வேண்டுமே என்று எண்ணும்போது, இதை எடுக்கத்தான் வேண்டுமா என்னும் சிந்தனையும் வந்துவிடுகிறது.

குதிரைக்கும் இதுவே போதும். கைப்பற்றிய ஒவ்வொரு விலங்கைக் குறித்தும் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்கவேண்டும். அது எந்த விலங்கு, அதன் அடையாளம் என்ன? யார், எந்த நாளில், எந்தச் சட்டப்படி எடுத்தார்? இப்போது எங்கே இருக்கிறது, தீனி போடுபவர் யார்? மருத்துவர் என்ன எழுதினார்? முடிவில் யாரிடம் சென்றது. இறந்ததாயின் எதனால் இறந்தது? கை மாறுந்தோறும் ஒரு வரி கூடவேண்டும். கடைசி வரி எழுதப்படும் வரையில் கணக்கு மூடப்படலாகாது.

"அதிகாரிகளுக்கு வேலை மிகுதி, தீவனத்துக்குப் பணம் இல்லை, இடமும் இல்லை" என்று சிலர் சொல்லக்கூடும். அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அந்த உண்மை வெளியே தெரிவதற்கும் ஏடுதான் வழி. பத்துக் குதிரைகளுக்கு இடமுள்ள காப்பகத்தில் முப்பது நிற்கின்றன என்று ஏடு சொல்லுமானால், நல்லெண்ணம் உடையவர் உதவ முன்வருவர்; சட்டமன்றத்தில் கேள்வி எழும். ஏடு இல்லாவிட்டால் மிஞ்சுவது வதந்தி. நேர்மையான அதிகாரியை வதந்தியிலிருந்து காப்பதும் அந்த ஏடே. ஆகவே கணக்குக் கேட்பதைப் பகைமை என்று கருதலாகாது.

கணக்குக் கேட்கும் உரிமையும் இன்று நம் கையில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு அலுவலகங்கள் தம் ஆவணங்களை ஒழுங்காகப் பேணவேண்டும் என்கிறது. குடிமகன் எழுதிக் கேட்டால் பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும் என்கிறது. எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் சொல்லும்படி வற்புறுத்தவும் இயலாது. 1969-இல் என் தந்தையார் எழுதிய மனு விடையின்றிப் போயிற்று. இன்று அதே கேள்விக்கு விடை தராமல் இருப்பதே சட்டத்துக்கு மாறாகும்.

மாணவர்களே, உங்கள் ஊர்ச் சாலையில் திரிந்த கழுதையோ, திருவிழாவில் நொண்டிய குதிரையோ பிடிபட்டது என்று செய்தி வந்தால், அந்த முற்றுப்புள்ளியோடு நின்றுவிடாதீர்கள். மரியாதையோடு, தெளிவாக, எழுத்தில், "அது இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள். பாய் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருக்குச் சொல்லவேண்டிய விடையை இனி யாரும் சொல்ல இயலாது. அடுத்த வண்டிக்காரர் திண்ணைக்கு வந்து கேட்கும்போது, ஏட்டைத் திறந்து விடை சொல்லும் அதிகாரி உங்களுள் ஒருவராக இருக்கவேண்டும் என்பதே என் விருப்பம்.